பஸான், பான்லெவே, போஸாக்: மூன்று திரைப்பட நூல்கள்

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு மாலையில், ஓரம் நனைந்த அட்டைப்பெட்டி ஒன்றில் இம்மூன்று நூல்களும் நாகர்கோவிலில் உள்ள என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. பிரெஞ்சுத் திரைப்பட விமர்சகர் ஆந்த்ரே பஸானின் கட்டுரைகளை ஹியூ கிரே ஆங்கிலத்தில் தந்த ‘வாட் இஸ் சினிமா?’ முதல் தொகுதி, கடலுயிர்களைப் படமெடுத்த ழான் பான்லெவேயைப் பற்றிய ‘சயன்ஸ் இஸ் ஃபிக்ஷன்’, திரைப்படம் இயற்கை வளங்களைத் தின்பதைப் பற்றி நாடியா போஸாக் எழுதிய ‘தி சினிமாட்டிக் ஃபுட்பிரிண்ட்’ ஆகியவையே அவை. விற்ற நிறுவனம் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் உறைகூடப் போடவில்லை. பான்லெவே நூலின் வழவழப்பான படத்தாள்களில் நான்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிரித்தபோது ஒரு கடற்குதிரையின் வால் எதிர்ப்பக்கத்தோடு போய்விட்டது. மாற்றித் தரும்படி எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் இதுவரை பதில் இல்லை.

பஸான் 1958இல் தம் நாற்பதாம் வயதில் இறந்தார். 1951இல் ‘கஹியே து சினிமா’ என்ற திரைப்பட இதழைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவருடைய கட்டுரைகள் பிரெஞ்சில் நான்கு தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றிலிருந்து கிரே தேர்ந்தெடுத்தவற்றைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் 1967இல் வெளியிட்டது. பிணத்தைப் பதப்படுத்தி வைத்த எகிப்தியரின் ஆசையே ஒளிப்படத்துக்குள்ளும் இருக்கிறது என்று வாதிடும் முதல் கட்டுரை எல்லோரும் மேற்கோள் காட்டுவது. அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. மொழிபெயர்ப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேட்டைக்காரனும் விலங்கும் ஒரே சட்டகத்தில் இருந்தாக வேண்டிய இடத்தில் படத்தொகுப்புக்கு வேலையில்லை என்று பஸான் அடித்துச் சொல்லும் கட்டுரைக்கு, பிரெஞ்சில் ‘படத்தொகுப்புக்குத் தடை’ என்ற பொருளில் தலைப்பு இருக்கிறது. கிரே அதனைப் படத்தொகுப்பின் சிறப்புகளும் வரம்புகளும் என்று மாற்றியிருக்கிறார். ஒரு தடையுத்தரவு, ஏதோ ஒரு குழுவின் அறிக்கையாகிவிட்டது!

ஆயினும், பயணப் படங்களைப் பற்றிய ஒரு கட்டுரைக்காகவே இத்தொகுதியை நான் பரிந்துரைப்பேன். 1947இல் நார்வே நாட்டு ஆய்வுப்பயணி தோர் ஹையர்டால் ஐந்து தோழர்களுடன் பெருவிலிருந்து பால்சா மரத்தெப்பத்தில் புறப்பட்டு, 101 நாள்கள் பசிபிக் பெருங்கடலில் மிதந்து பாலினீசியத் தீவுத்திட்டு ஒன்றை அடைந்தார். அப்பயணத்தில் எடுக்கப்பட்ட படம் அரைகுறையானது. ஆபத்து மிகுந்த நேரத்தில் கேமராவைத் தொட ஆளில்லை. அந்தக் குறையே அப்படத்தின் சான்று என்பது பஸானின் வாதம். நிழல்போல் தெரிந்து மறையும் ஒரு சுறா, அதனைப் படமெடுத்தவர் நின்ற இடத்தையும் நமக்குக் காட்டிவிடுகிறது. கட்டுமரத்தில் நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் போன கடியபட்டணத்துப் பெரியவர் ஒருவரிடம் இதை விளக்க முயன்றேன். நான் பாதி சொல்லும் முன்பே அவர், “படம் ஆடாம இருந்தா அவன் கரையிலல்லா நிக்கான்” என்றார். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபின் கைபேசிகளில் சுற்றிய நடுக்கமான காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு அக்கட்டுரை கடினமாகவே இராது.

மூன்றில் என் மனத்துக்கு நெருக்கமானது பான்லெவே நூல். எம்.ஐ.டி. பதிப்பகம் 2000இல் வெளியிட்ட இந்நூலில் வாழ்க்கை வரலாறு, பான்லெவேயின் சொந்தக் கட்டுரைகள், பஸான் அவரைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரை, ஏராளமான படங்கள் ஆகியவை உள்ளன. பிரான்சின் பிரதமராக இருந்த கணிதவியலாளரின் மகனான பான்லெவே, 1930களில் கடற்குதிரையைப் படமாக்க நீர்புகாத பெட்டிக்குள் கேமராவை வைத்துக் கடலுக்குள் இறங்கினார். பெரும்பகுதியைக் கண்ணாடித் தொட்டியில் எடுத்தார். ஆண் கடற்குதிரை குஞ்சு ஈனும் கணத்துக்காக இரவுபகலாகக் காத்திருந்தபோது, தலை சாய்ந்தால் மின்சாரம் சுண்டி எழுப்பும்படி ஒரு கருவியைத் தொப்பியில் மாட்டிக்கொண்டாராம். வலையில் அகப்பட்ட கடற்குதிரையை உலர்த்தி விளையாட்டுப் பொருளாக வைத்திருந்த வீடுகளை என் சிறுவயதில் கண்டிருக்கிறேன். அதன் வயிற்றுப் பை துடித்துத் துடித்துப் பொடிக் குஞ்சுகளை வெளியே தள்ளும் படங்களை இந்நூலில் பார்த்தபோது, இத்தனை காலம் கைக்கெட்டிய தொலைவில் இருந்த ஒன்றைப் பார்க்காமலே இருந்திருக்கிறோம் என்று தோன்றியது. பான்லெவேயைச் சூழலியல் படைப்பாளர் என்று அழைப்பது பின்னாளில் ஒட்டிய முத்திரைதான். தொட்டிக்குள் விலங்கை அடைத்து, சுடும் விளக்கொளியில் நிறுத்திப் படமெடுத்தவர் அவர். அந்த நெருடலை நூல் இன்னும் கொஞ்சம் கிளறியிருக்கலாம்.

அதைக் கிளறும் நூல் போஸாக்குடையது. ஆற்றல், வளம், அகழ்தல், மிகுதி, கழிவு எனப் பிரிக்கப்பட்ட இயல்களில், திரைப்படம் உலகத்தைக் காட்டுவதோடு நிற்காமல் அதைத் தின்றும் வாழ்கிறது என்பதையும், டிஜிட்டல் படமும் எடையற்றதன்று என்பதையும் அவர் நிறுவுகிறார். ஃபிலிமின் பூச்சில் மாட்டெலும்பு ஜெலட்டினும் வெள்ளியும் உண்டு. முதல் உலகப்போரின்போது, தொடக்ககாலப் பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் மெலியேயின் படச்சுருள்கள் பலவற்றை உருக்கிப் படைவீரர் காலணிக்குக் குதிகால் செய்தார்கள். இத்தகைய செய்திகளை அறிந்த வாசகருக்குப் போஸாக்கின் வாதம் எளிதில் பிடிபடும். எங்கள் மாவட்டத்தாருக்கோ இன்னும் அருகில் ஒரு சான்று இருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கரையின் கறுத்த மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் மோனசைட் என்ற கனிமத்தில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் எல்லாம் அடங்கியுள்ளன. லாந்தனம் கேமரா வில்லைக்கான கண்ணாடியில் சேர்க்கப்படுவது. சீரியம் ஆக்சைடு அவ்வில்லையை மெருகேற்றுவது. நியோடிமியக் காந்தம் ஒலிபெருக்கிக்குள் இருப்பது. ‘அலைகள் ஓய்வதில்லை’ 1981இல் வெளிவந்தது முதல் முட்டம் கடற்கரையைக் கேமராவின் வழியாகப் பார்த்துப் பூரித்த நாம், கேமராவுக்குள் கடற்கரை இருக்கக்கூடும் என்று நினைத்ததில்லை. குறையென்றால், போஸாக்கின் நடை வறண்டது. ஒரே கருத்து வேறு வேறு கலைச்சொற்களில் மூன்று முறை திரும்ப வருகிறது. மூன்றாம் இயலில் நான் ஒரு வாரம் நின்றுவிட்டேன்.

ஒன்றை மட்டும் வாங்க முடிந்தவர்கள் பான்லெவேயை வாங்கலாம். அதிலேயே பஸானின் குரலும் சிறிது கிடைக்கிறது. போஸாக்கை நூலகத்திலோ நண்பரிடமோ இரவல் பெற்று, முதல் இயலையும் கழிவு பற்றிய இறுதி இயலையும் படித்தால் போதும். மூன்றையும் வாங்குவோர் பஸானில் தொடங்குவது நல்லது. அவர் நிஜத்தின் மீது வைத்த நம்பிக்கையை அறியாதவருக்குப் போஸாக் யாரோடு மல்லுக்கு நிற்கிறார் என்பது விளங்காது. எப்படி வாங்கினாலும் பங்குனி, சித்திரையில் வரவழையுங்கள். இரண்டு பருவமழையும் கொட்டும் இம்மாவட்டத்தில் வழவழப்பான தாளை அட்டைப்பெட்டியை நம்பி அனுப்பச் சொல்ல முடியாது.