நான்கு முறை அமுக்க வைக்கும் பின்விளக்கு: மூன்று வருட அனுபவம்

போன வாரம் என் சைக்கிள் பின்விளக்கைச் சரிசெய்தேன். சார்ஜ் போடும் ஓட்டையின் ரப்பர் மூடி தளர்ந்து, மழைநீர் உள்ளே போய், பித்தளைக் கால்களில் பச்சை பூத்திருந்தது. பழைய டூத் பிரஷால் தேய்த்துக் காயவைத்து புது மூடி போட்டதும் மறுபடி எரிந்தது. பக்கத்தில் இருந்த நண்பர், "நானும் ஒண்ணு வாங்கணும், எத்தனை லூமன் பார்க்கணும்?" என்று கேட்டார். லூமன் என்றால் விளக்கு தரும் ஒளியின் அளவு. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பகலில் இந்த விளக்குக்கு ஈடே இல்லை. 100 லூமனில் விட்டுவிட்டு மின்னும்போது, நல்ல வெயிலிலும் தூரத்திலிருந்தே கண்ணில் படுகிறது. இதைப் போட்ட பிறகு, பின்னால் வரும் கார்கள் முன்கூட்டியே விலகிப் போவதாக எனக்குப் படுகிறது.

தொல்லை இருட்டிய பிறகுதான். எப்போது போட்டாலும் அந்த 100 லூமன் மின்னலில்தான் எரியத் தொடங்கும். நிலையாக எரியும் 20 லூமனுக்கு வர பட்டனை இன்னும் நான்கு முறை அமுக்க வேண்டும். கையுறை போட்ட கட்டைவிரலுக்கு அந்தச் சின்ன பட்டன் அகப்படாது. ஒரு அமுக்கு கூடிவிட்டால் அணைந்துவிடும், திரும்ப முதலிலிருந்து. மூன்று வருடமாக ஒவ்வொரு சாயங்காலமும் இதே கதை. கடைசியாக வைத்த அளவை நினைவில் வைக்க ஒரு விளக்குக்கு என்ன கஷ்டம்?

ஒருநாள் அவசரத்தில் மாற்றாமலே கிளம்பிவிட்டேன். பின்னால் வந்த நண்பர் கொஞ்ச தூரத்திலேயே ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஓட்டினார். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 60 மீட்டர் பின்னால் வரும் காருக்குக் கிடைப்பதைப் போல 400 மடங்கு, 3 மீட்டரில் வருபவரின் கண்ணில் விழுகிறது. இருட்டில் விரிந்திருக்கும் கண் அது. அவர் குழியைப் பார்ப்பாரா, என் விளக்கைப் பார்ப்பாரா?

இன்னொன்று, லூமன் என்பது மொத்த ஒளி. ஒரு திசையில் எவ்வளவு வீச்சு என்பதைச் சொல்வது கேண்டெலா. அதே 20 லூமனைக் குறுகிய லென்ஸில் குவித்தால் நேர் பின்னால் கண் கூசும், பக்கவாட்டில் ஒன்றுமே தெரியாது. அட்டைப்பெட்டியில் லூமனை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பிரிட்டனில் மின்னும் விளக்குக்குச் சட்டம் கேட்பது குறைந்தது 4 கேண்டெலாதான், நொடிக்கு 1 முதல் 4 மின்னல். ஜெர்மனியில் மின்னும் பின்விளக்குக்கே அனுமதி இல்லை. அது எனக்குச் சரியாகவே படுகிறது. இரவில் மின்னும் புள்ளியை வைத்து, சைக்கிள் எவ்வளவு தூரத்தில் போகிறது என்று கணிப்பது கடினம். நிலையாக எரிவதே மேல். அப்புறம், விளக்கு தரைக்கு இணையாக நேர் பின்னால் பார்க்க வேண்டும். மேல்நோக்கிச் சாய்ந்தால் எந்த அளவும் கண்ணைக் குத்தும். கூடவே ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டரும் இருக்கட்டும், அதற்குச் சார்ஜ் வேண்டாம்.

ஆக, இரவுக்கு நிலையான 10 முதல் 30 லூமன், பகலுக்கு 100 அளவில் மின்னல் என்று நண்பரிடம் சொன்னேன். என் விளக்கில் இரண்டும் இருக்கிறது, மூன்று வருடம் உழைத்திருக்கிறது, ரிப்பேரும் வீட்டிலேயே முடிந்தது. இருந்தும் அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேற்றும் இருட்டில் ஓரமாக நிறுத்தி ஐந்தாவது அமுக்கில் அணைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.