அரை கோடி ரூபா கரண்டு வண்டி: ஐயோனிக் 5-ஆ, ஐஎக்ஸ்1-ஆ, ஈவி6-ஆ?

காரைக்குடிலேருந்து சித்தப்பா போன் பண்ணி, "தம்பி, ஒரு நல்ல எலக்ட்ரிக் கார் எடுக்கலாம்னு இருக்கேன், அம்பதுலேருந்து எழுபது லட்சம் வரைக்கும் போகலாம், எத எடுக்கட்டும்"னு கேட்டார். எங்க வீட்டுல 2023 நடுவுலேருந்து ஹூண்டாய் ஐயோனிக் 5 ஓடுது, தங்கச்சி வீட்டுல 2025-ல பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ்1 நீள வீல்பேஸ் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற தூரம்) மாடல் எடுத்தாங்க, கோயம்புத்தூர் ஃப்ரெண்டு கிட்ட புது கியா ஈவி6 இருக்கு. மூணையும் நான் ஓட்டியிருக்கேன், மூணுலயும் அம்மாவ பின்சீட்டுல வெச்சு கூட்டிட்டும் போயிருக்கேன். போன்ல சொன்னா பாதிதான் சொல்ல முடியுது, அதான் உக்காந்து எழுதறேன்.

முதல்ல அந்த கிலோமீட்டர் கணக்க பேசிடலாம், ஏன்னா எல்லாரும் அதத்தான் முதல்ல கேக்கறாங்க. ஐயோனிக் 5-ல 72.6 யூனிட் பேட்டரி, ஏஆர்ஏஐங்கற வண்டி டெஸ்ட் பண்ற அமைப்போட கணக்குல 631 கி.மீ. ஐஎக்ஸ்1-ல 66.4 யூனிட், 531 கி.மீ. 2025 மார்ச்ல வந்த ஈவி6-ல 84 யூனிட், 663 கி.மீ. இத வகுத்து பாருங்க, ஐயோனிக்கு ஒரு யூனிட்டுக்கு 8.7, மத்த ரெண்டுக்கும் கிட்டத்தட்ட 8 கி.மீ. வருது. நாலு பேர் உக்காந்து, ஏசி போட்டு, திண்டிவனம் பைபாஸ்ல நூறுல போனா எனக்கு கிடைக்கறது யூனிட்டுக்கு 6 தான், நூத்தி இருபதுல அழுத்தினா அதுவும் கிடையாது. அந்த 6-ஆல பெருக்கினா ஐயோனிக் 435, ஐஎக்ஸ்1 398, ஈவி6 504. இதுதான் நம்ம ரோட்டு கணக்கு. அதுலயும் கடைசி சொட்டு வரைக்கும் யாரும் ஓட்ட மாட்டோம், வழியில சார்ஜ் போடறப்ப 80 சதவீதத்துக்கு மேல ஏர்றது ரொம்ப மெதுவாயிடும்ங்கறதால 20-லேருந்து 80-க்குள்ளதான் ஓட்டுவோம், அப்படி பாத்தா ஐயோனிக்ல ஒரு தடவை போட்ட சார்ஜுக்கு 260 கி.மீ. தான் நம்பி போகலாம்.

இப்ப சார்ஜ் ஏர்ற வேகம். ஐயோனிக்கும் ஈவி6-ம் 800 வோல்ட் வண்டி, 350 கிலோவாட் மெஷின் கிடைச்சா 10-லேருந்து 80 சதவீதம் 18 நிமிஷம். ஐஎக்ஸ்1 அதிகபட்சமா 130 கிலோவாட் தான் இழுக்கும், அதே 10-லேருந்து 80-க்கு 29 நிமிஷம். ஷோரூம்ல இத பெருசா சொல்வாங்க, பொய்யும் இல்ல. ஆனா விழுப்புரத்துலயும் உளுந்தூர்பேட்டைலயும் திருச்சிக்கு முன்னாடியும் நான் போய் நின்ன இடத்துல எல்லாம் பெரும்பாலும் இருந்தது 60 கிலோவாட் மெஷின். 60-ல போட்டா 20-லேருந்து 80 வரைக்கும் ஐஎக்ஸ்1-க்கு 40 நிமிஷம், ஐயோனிக்குக்கு 44, ஈவி6-க்கு பேட்டரி பெருசுங்கறதால 50. எழுபது லட்சத்துக்கு பக்கத்துல கொடுத்து வாங்கின வேகமான வண்டி மூணுலயும் கடைசியா கெளம்பும். அதுவும் பல மெஷின்ல ரெண்டு கன், அதாவது வண்டில மாட்டற ப்ளக், இருக்கும், பக்கத்துல இன்னொரு வண்டி வந்து மாட்டினா 30, 30-ன்னு பிரிச்சிடும், அப்ப உங்க டைம் ரெட்டிப்பு.

போன பொங்கலுக்கு போகி அன்னிக்கு ஊருக்கு கெளம்பினோம். ஹைவே ஹோட்டல் ஒண்ணுல எங்களுக்கு முன்னாடி மூணு வண்டி நிக்குது, ஒரு கன் வேலை செய்யல, ஆப்ல பச்சை காட்டுது, நேர்ல போனா ஸ்க்ரீன் இருட்டா இருக்கு, கஸ்டமர் கேர்ல "சார் ரீஸ்டார்ட் பண்றோம்"னு ரெண்டு தடவை சொல்லி கட் ஆயிடுச்சு. அம்மா மாத்திரை போடற நேரம் வேற. கிட்டத்தட்ட ரெண்டேகால் மணி நேரம் அங்கயே போச்சு, ஊர்ல பானை வெக்கறதுக்கு வாங்கின கரும்பு டிக்கில வாடிட்டு இருந்துச்சு. இந்த கோவம் வண்டி மேல இல்ல, வண்டி அன்னிக்கும் நல்லாத்தான் ஓடிச்சு. ஆனா சொகுசு வண்டின்னு சொல்லி வாங்கினதோட பாதி சொகுசு வண்டிக்கு வெளில, அடுத்தவன் மெஷின்ல இருக்கு, அத வாங்கறதுக்கு முன்னாடி யாரும் சொல்றதில்ல. போன்ல அஞ்சு ஆப், அஞ்சு வாலெட், ஒவ்வொண்ணுலயும் காசு மாட்டிட்டு கெடக்கு, யூனிட் 20 ரூபாய்க்கு மேல, அது போக 18 சதவீதம் ஜிஎஸ்டி.

இதே வண்டி வீட்டுல சார்ஜ் போடறவனுக்கு சொர்க்கம். ராத்திரி பத்து மணிக்கு 7.2 கிலோவாட் சார்ஜர்ல மாட்டிட்டு படுத்தா காலைல ஆறு மணிக்கு 50 யூனிட்டுக்கு மேல ஏறியிருக்கும், அதாவது 300 கி.மீ. பெட்ரோல் பங்க் பக்கம் போயே மூணு வருஷம் ஆகப்போகுது. எனக்கு மாசம் 1,200 கி.மீ. ஓடுது, 200 யூனிட் ஆகுது, ரெண்டு மாச ரீடிங்ல 400 கூடுது. ஒண்ணு மட்டும் கவனிக்கணும், நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டினா முன்னாடி இருந்த குறைஞ்ச ஸ்லாப் ரேட்டும் சேர்ந்து மாறிடும், பில்ல பாத்து பதறாதீங்க, அப்படியும் டீசல் செலவு கூட இத வெச்சு பேசவே முடியாது.

தங்கச்சி வீட்டு கதை வேற. ஓஎம்ஆர் பக்கம் பெரிய அபார்ட்மெண்ட், பேஸ்மெண்ட்ல சார்ஜர் வெக்க அசோசியேஷன் எட்டு மாசம் இழுத்தடிச்சாங்க, தீ பிடிக்கும்னு ஒருத்தர், எல்லார் கரண்டும் போயிடும்னு ஒருத்தர். அந்த எட்டு மாசமும் மாப்பிள்ளை ஞாயித்துக்கிழமை ஆனா ஒரு மால் பார்க்கிங்ல போய் ரெண்டு மணி நேரம் உக்காந்திருப்பார். அவர் வண்டில ஒரு குறையும் இல்ல, ஆனா அந்த எட்டு மாசம் அவருக்கு எலக்ட்ரிக் வாங்கினதே தப்போன்னு தோணிடுச்சு. அதனால மாடல் எதுன்னு பாக்கறதுக்கு முன்னாடி எங்க நிறுத்தப் போறீங்க, அங்க லைன் இழுக்க முடியுமான்னு பாருங்க. அசோசியேஷன் கிட்ட எழுத்துல வாங்கிட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க.

பின்சீட்டு விஷயத்துல அம்மா தீர்ப்பு தெளிவா இருந்துச்சு. பேட்டரி அடில இருக்கறதால இந்த மாதிரி வண்டிகள்ல தரை கொஞ்சம் மேல வந்துடும், சீட் தாழ்வா தெரியும், முட்டி தூக்கிட்டு நிக்கும். ஐயோனிக்ல வீல்பேஸ் 3,000 மி.மீ., கால் நீட்ட ஒரு ஹால் மாதிரி எடம், ஆனா தொடைக்கு அடில தாங்கல் கம்மி, ரெண்டு மணி நேரம் தாண்டினா அம்மா தலகாணி கேப்பாங்க. ஐஎக்ஸ்1 வெளில பாக்க சின்னதா இருந்தாலும் இந்தியாவுக்குன்னு வீல்பேஸ 2,800 ஆக்கியிருக்காங்க, சீட் சாயுது, ஏறி எறங்க உயரம் சரியா இருக்கு, "இதுதான்டா உக்கார்ற மாதிரி இருக்கு"ன்னாங்க. ஈவி6-ல கூரை பின்னாடி சரிஞ்சு வரும், அம்மா தலைய குனிஞ்சு ஏறினாங்க, புடவைய புடிச்சுக்கிட்டு அந்த குனியறது எழுபது வயசுல சுலபம் இல்ல. ஒரு தடவை ஏறினதோட சரி.

ஆனா ஸ்டியரிங் பின்னாடி உக்காந்தா கணக்கு தலைகீழ். ஈவி6 நாலு வீலும் இழுக்கற 325 பிஎஸ் (குதிரை சக்தி) வண்டி, நூறு தொட அஞ்சு செகண்ட் சொச்சம். அவினாசி ரோட்டுல ஃப்ரெண்டு ஒரு தடவை அழுத்த சொன்னான், வயித்துக்குள்ள ராட்டினம் சுத்தின மாதிரி இருந்துச்சு, அவ்ளோ சந்தோஷமா நான் வண்டி ஓட்டி ரொம்ப வருஷம் ஆச்சு. ஐயோனிக் 217 பிஎஸ், பின்வீல் தள்ளறது, அமைதியா, அலட்டாம, லாரிய ஓவர்டேக் பண்ண நினைச்சா நினைச்ச நிமிஷத்துல பண்ணிடும். ஐஎக்ஸ்1 204 குதிரை, முன்வீல், நூறுக்கு 8.6 செகண்ட். நிதானமா ஓட்டறவருக்கு அதுவே தாராளம்.

ஐஎக்ஸ்1 பத்தி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். 2023 செப்டம்பர்ல இதே பேர்ல வெளிநாட்டுலேருந்து முழுசா இறக்குமதி ஆகி வந்தப்ப 66.9 லட்சம், நாலு வீல் டிரைவ், 313 குதிரை. 2025 ஜனவரில சென்னை பிளாண்ட்ல அசெம்பிள் பண்ணி நீள வண்டிய 49 லட்சத்துக்கு கொண்டு வந்தாங்க. பதினாறே மாசத்துல பதினெட்டு லட்சம் வித்தியாசம், பவர் குறைச்சதுக்கும் சேர்த்துதான், ஆனா எடம் கூடியிருக்கு. முதல்ல வாங்கினவங்க வண்டிக்கு மறுவிலை என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சு பாருங்க. ஐயோனிக்கும் நம்ம ஸ்ரீபெரும்புதூர்லதான் அசெம்பிள் ஆகுது, 2023-ல வந்தப்ப 44.95 லட்சம். ஈவி6 மட்டும் முழு இறக்குமதி, 2025 மார்ச்ல வந்தப்ப 65.9 லட்சம், எனக்கு அந்த இருபது லட்சம் வித்தியாசத்துக்கு நியாயம் கிடைக்கல, அந்த வேகத்துக்காக மட்டும் குடுக்கறவங்க குடுக்கலாம்.

வரில கிடைக்கற லாபம் சின்னது இல்ல. எலக்ட்ரிக்குக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், பெரிய டீசல் வண்டிக்கு 2025 செப்டம்பர் 22-லேருந்து 40. தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேல போற பெட்ரோல் டீசல் காருக்கு ரோட் டாக்ஸ் 20 சதவீதம், எலக்ட்ரிக்குக்கு மாநில பாலிசில 2025 டிசம்பர் 31 வரைக்கும் முழு விலக்கு குடுத்திருந்தாங்க, மாப்பிள்ளைக்கு அந்த 49 லட்சத்துல ஒன்பதே முக்கால் லட்சத்துக்கு மேல அப்படியே மிச்சம். நீங்க வாங்கற அன்னிக்கு என்ன நிலவரம்னு ஆர்டிஓல கேட்டுட்டு ஆன்ரோடு விலைய எழுத்துல வாங்குங்க.

ஐயோனிக்ல எனக்கு ரொம்ப புடிச்சது எதுன்னு கேட்டா 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்பத்தித்தான் சொல்வேன். எங்க தெருவுல ரெண்டு நாளைக்கு மேல கரண்ட் இல்ல. வண்டிய முன்னாடியே மேடான எடத்துல, போர்டிகோல ஏத்தி வெச்சிருந்தேன். அதுலேருந்து 3.6 கிலோவாட் வரைக்கும் வெளில கரண்ட் எடுக்கலாம், ஃப்ரிட்ஜ், ரெண்டு ஃபேன், வைஃபை, பக்கத்து வீட்டு கைக்குழந்தைக்கு பால் சூடு பண்ற கெட்டில், தெருவுல பதினஞ்சு போனுக்கு சார்ஜ், எல்லாம் அதுலதான். ரெண்டு நாள் கழிச்சு பாத்தா பேட்டரில பாதிக்கு மேல மீதி இருந்துச்சு. ஈவி6-லயும் இந்த வசதி இருக்கு.

எரிச்சல்களும் இருக்கு. ஐயோனிக்ல பின்னாடி வைப்பர் கிடையாது, மழைல பின்கண்ணாடி சேறாயிடும். அவ்ளோ நீள வீல்பேஸுக்கு தரையிலேருந்து 163 மி.மீ. உயரம்ங்கறது நம்ம ஊர் பெயிண்ட் அடிக்காத வேகத்தடைக்கு பத்தாது, குறுக்கால சாய்ச்சு ஏத்தணும். அகலம் 1,890 மி.மீ., மயிலாப்பூர் மாட வீதில தேர் ஓட்டற மாதிரி. ஐஎக்ஸ்1-ல ஏசிக்கு ஒரு பட்டன் கூட இல்ல, எல்லாம் ஸ்க்ரீன்லதான், வண்டி ஓடும்போது விரல் தடவி தேடணும், இது எனக்கு சுத்தமா புடிக்கல. ஈவி6-ல ஒரே பட்டைய ஏசிக்கும் பாட்டுக்கும் மாத்தி மாத்தி வெச்சிருக்காங்க, சவுண்ட கூட்ட திருகினா குளிர் ஏறும். பெரும்பாலும் ஸ்டெப்னியும் கிடையாது, பஞ்சர் ஆனா பசை பாட்டிலும் கம்ப்ரசரும்தான். சைடுல கிழிஞ்சா லாரிதான் வரணும், ஐயோனிக்கோட 20 இன்ச் டயர் பெரம்பலூர் கடைல உடனே கிடைக்காது.

பழைய வண்டி பாக்கறவங்க இத கண்டிப்பா கேளுங்க. 2024-ல ஹூண்டாய் 1,744 ஐயோனிக் 5-ஐயும், கியா 1,138 ஈவி6-ஐயும் திரும்ப கூப்பிட்டாங்க. பெரிய பேட்டரிலேருந்து சின்ன 12 வோல்ட் பேட்டரிய சார்ஜ் பண்ற யூனிட்ல கோளாறு வரலாம்ங்கறதுதான் காரணம். அந்த சின்ன பேட்டரி செத்தா பெரிய பேட்டரில எவ்ளோ சார்ஜ் இருந்தாலும் வண்டி எழும்பாது. சேஸிஸ் நம்பர குடுத்து அந்த வேலை முடிஞ்சிருக்கான்னு சர்வீஸ்ல பாத்துட்டு பேரம் பேசுங்க.

மலைக்கு போறவங்களுக்கு ஒரு வார்த்தை. கொடைக்கானல் ஏறும்போது சார்ஜ் கண்ணு முன்னாடி கரையும், பயந்துடாதீங்க, எறங்கும்போது பிரேக் தொடாமலே கொஞ்சம் திரும்ப ஏறிடும். மேல ரூம்ல ராத்திரி முழுக்க போட்டு நூறு ஆக்கிட்டு மட்டும் எறங்காதீங்க, ஏத்திக்க எடமே இருக்காது, பிரேக்தான் சூடாகும்.

சரி, சித்தப்பாவுக்கு என்ன சொன்னேன்னா, சென்னைலயே சுத்தி, வயசானவங்கள பின்னாடி வெச்சு ஓட்டறதா இருந்தா யோசிக்காம ஐஎக்ஸ்1. ஆனா அவர் கார அவரே ஓட்டறவர், சித்தி எப்பவும் முன்சீட்டு, மதுரை திருச்சின்னு வாரத்துக்கு ரெண்டு தடவை, சென்னைக்கு வருஷத்துக்கு மூணு தடவை. ஐயோனிக்ல முன்னாடி ரெண்டு சீட்டும் கால் தாங்கலோட படுக்கற மாதிரி சாயும், சார்ஜ் போடற நேரத்துல சித்தி முட்டிய நீட்டி படுத்துக்கலாம். அதனால அவருக்கு ஐயோனிக். மூணு கம்பெனியுமே பேட்டரிக்கு 8 வருஷம், 1,60,000 கி.மீ. வாரண்டி குடுக்கறாங்க, அதுல வித்தியாசம் தேட வேண்டாம். ஒரே கவலை அவர் வீட்டு எர்த்திங். நல்ல எர்த் இல்லேன்னா இந்த வண்டிகள் சார்ஜ் ஏத்திக்கவே மாட்டேங்கும், செம்மண் பூமில சித்திரை வெயிலுக்கு எர்த் குழி காஞ்சு போயிடும். ஆடி போகட்டும், ஆவணி பொறந்ததும் சித்திய கூட்டிட்டு வந்து ஐயோனிக்லயும் ஐஎக்ஸ்1-லயும் உக்காந்து பாருங்க, அதுக்குள்ள ஈபில லோடு ஏத்தி, ஷெட்டுக்கு தனி 32 ஆம்ப் லைன் இழுத்து, உப்பும் கரியும் போட்டு புதுசா ஒரு எர்த் குழி எறக்கி வெச்சிடுங்கன்னு சொல்லியிருக்கேன். எலக்ட்ரீஷியன் நாளைக்கு வர்றாராம்.