காலநிலைக்கேற்ற வேளாண் ஆராய்ச்சி: யாரிடம் பணம் வாங்குவது?

மனிதர்கள் வெளியேற்றும் பசுமைக்குடில் வாயுக்களில் 21 முதல் 37 விழுக்காடு வரை உணவு அமைப்பிலிருந்து வருகிறது என்கிறது ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2019 அறிக்கை. அதைக் குறைக்க ஆய்வு செய்யும் பல்கலைக்கழகங்கள் அரசு, நிறுவனங்கள், அறக்கட்டளைகள் என்று மூன்று இடங்களில் பணம் கேட்கின்றன. எல்லோரும் முதலில் தொகையைப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது, அந்தப் பணம் எத்தனை ஆண்டு வரும் என்பதை.

காரணம் மண். காற்றிலுள்ள கரிமத்தை மண்ணில் சேர்த்துவைப்பது இந்த ஆய்வுகளின் ஒரு நோக்கம். ஆனால் மண்ணில் ஏற்கெனவே இருக்கும் கரிமத்தோடு ஒப்பிட்டால் ஓராண்டில் கூடுவது மிகச் சொற்பம். ஒரே வயலுக்குள் இடத்துக்கு இடம் காணும் வேறுபாடே அதைவிடப் பெரிதாக இருக்கும். மாற்றத்தை உறுதியாகச் சொல்லப் பல சமயம் பத்தாண்டு ஆகிவிடும். போட்டி போட்டு வாங்கும் அரசு நிதியோ பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்தாண்டு. மாணவர் முனைவர் பட்டம் வாங்கிப் போயிருப்பார், மண் இன்னும் பதில் சொல்லியிருக்காது.

ஆனாலும் அளவில் அரசை மிஞ்ச ஆளில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021–27 ஆராய்ச்சித் திட்டமான ஹொரைசன் யூரோப்புக்குத் தொடக்கத்தில் ஒதுக்கியது சுமார் 9,550 கோடி யூரோ. அதில் 35 விழுக்காடு காலநிலை சார்ந்த பணிகளுக்குப் போக வேண்டும் என்பது இலக்கு. ஆபத்து ஆட்சி மாற்றத்தில் இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறை 2022-இல் அறிவித்த, பல பல்கலைக்கழகங்கள் பங்கேற்ற, சுமார் 310 கோடி டாலர் காலநிலை வேளாண் திட்டத்தை அதே துறை 2025 ஏப்ரலில் ரத்து செய்தது.

நிறுவனப் பணத்தில் வேகம் அதிகம், விற்க ஒரு பொருள் இருக்கும்வரை. கறவை மாடுகளின் மீத்தேனைச் சுமார் 30 விழுக்காடு குறைக்கும் 3-என்ஓபி என்ற தீவனச் சேர்க்கையை டிஎஸ்எம் நிறுவனம் உருவாக்கியது, பல்கலைக்கழகங்கள் சோதித்தன. சரி, ஊடுபயிர் பற்றியோ உரத்தைக் குறைப்பது பற்றியோ ஆராய எந்த நிறுவனம் செலவழிக்கும்? சாதகமில்லாத முடிவையும் வெளியிடலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் இந்தப் பணத்தைத் தொடக்கூடாது.

அறக்கட்டளைகள் புதுத் துறைகளில் துணிந்து இறங்கும். இறைச்சி, பாலுக்குப் பதிலாக வரும் மாற்றுப் புரதம் ஓர் உதாரணம். ஆனால் பல அறக்கட்டளைகள் நிர்வாகச் செலவுக்கு 10, 15 விழுக்காட்டுக்கு மேல் தருவதில்லை. மீதி பல்கலைக்கழகத்தின் தலையில்தான்.

அப்புறம், பலரும் மறந்துவிடும் நான்காவது வழி ஒன்று உண்டு: முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் எடுக்கும் வைப்புநிதி. என் ஓட்டு இதற்கே. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843-இல் தொடங்கிய கோதுமை வயல் சோதனை இன்றும் நடக்கிறது. தொடங்கிய ஜான் பென்னட் லாஸ் ஓர் உரத் தொழிலதிபர் என்பதுதான் வேடிக்கை. சோதனைகள் தொடர்வதற்காக 1889-இல் அவர் 1,00,000 பவுண்டைத் தனி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். அங்கே 1843 முதல் சேர்த்துவைத்த மண், தானிய மாதிரிகளை இன்றைய ஆய்வாளர்களும் எடுத்துச் சோதிக்கிறார்கள்.

கொடையாளரிடம் பேசப் போகும் துறைத் தலைவர் இன்னொரு ஆய்வுக் கட்டடம் கேட்பதற்குப் பதிலாக, வயல் பணியாளர் சம்பளத்துக்கும் மாதிரிக் கிடங்குக்கும் வைப்புநிதி கேட்கலாம்.