காரைக்குடியில் பழைய கட்டிலோர மேசை வாங்க முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். 1940-களிலிருந்து 60-கள் வரை செய்த, அலங்காரம் இல்லாத சின்னத் தேக்கு மேசை ஒன்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் கடை முகப்பில் பளபளவென்று நிற்பதை வாங்காதீர்கள். பின்கட்டிலோ கொட்டகையிலோ தூசி படிந்து கிடப்பதைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல சாமான் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

அந்தத் தெருவுக்கு வருகிறவர்களில் பலர் வேறு பொருளுக்காக வருகிறார்கள். செதுக்கு வேலை செய்த நிலைக்கதவு, தூண், ஊஞ்சல் பலகை, பெல்ஜியம் கண்ணாடி, ரவி வர்மா படம், ஸ்வீடன் எனாமல் பாத்திரம், இவற்றுக்குத்தான் கிராக்கி. ஓட்டல் கட்டுகிறவர்களும் ஆர்க்கிடெக்ட்டுகளும் இதையெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குவதால் விலையும் ஏறிக்கொண்டே போகிறது. கட்டிலோர மேசையை யாரும் தேடி வருவதில்லை. கடைக்காரர்களே அதை வேறு சாமானை அடுக்கி வைக்கும் ஸ்டாண்டாகத்தான் வைத்திருக்கிறார்கள். நான் கடைசியில் வாங்கிய ஜோடியில் ஒன்றின் மேல் பழைய ரேடியோப் பெட்டியும், இன்னொன்றின் மேல் எனாமல் தட்டுகளும் இருந்தன. மேலே இருந்ததைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு "கீழே இருக்கிற மேசை என்ன விலைண்ணே?" என்று கேட்டபோது, கடைக்காரர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் விலை சொன்னார்.

இவ்வளவு நல்ல மரம் அங்கே எப்படிக் குவிந்தது என்பது செட்டிநாட்டு வரலாறு தெரிந்தவர்களுக்குப் புதிதில்லை. நகரத்தார் பர்மாவில் கொண்டுவிற்ற, அதாவது வட்டித் தொழிலும் வியாபாரமும் செய்த, காலத்தில் பர்மாத் தேக்கு கப்பல் கப்பலாக வந்து இறங்கி வீடாகவும் சாமானாகவும் ஆனது. 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தது, 1948-இல் அந்த நாடு சுதந்திரம் அடைந்த பிறகு அவர்கள் கையிலிருந்த நிலம் நாட்டுடைமை ஆனது, 1962-க்குப் பிறகு ராணுவ ஆட்சியில் மிச்சமிருந்த வியாபாரமும் போயிற்று. வருமானம் நின்ற பிறகு அவ்வளவு பெரிய வீடுகளைப் பராமரிக்க முடியாமலும், பங்காளிகள் பெருகிப் பாகம் பிரிந்தும், சாமான்கள் ஒவ்வொன்றாக இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தன. கல்யாணச் சீரோடு வந்த கட்டில், பீரோ, கண்ணாடி மேசை எல்லாம் அதில் அடக்கம். அதனால் இங்கே ஜோடி மேசை கிடைக்க வாய்ப்பு அதிகம், ஜோடியாகவே கேளுங்கள்.

இரண்டு வகை கண்ணில் படும். ஒன்று 30-கள், 40-களின் ஆர்ட் டெக்கோ பாணி: மூலைகள் வளைந்திருக்கும், பக்கவாட்டில் படிப்படியாக இறங்கும் விளிம்பு இருக்கும், கீழே ஒரு சின்னக் கதவு, மேலே ஒரு டிராயர். கனமான சாமான். இன்னொன்று 50-கள், 60-களில் வந்தது: சாய்வாக இறங்கும் ஒல்லிக் கால்கள், ஒரே ஒரு டிராயர், அதற்குக் கீழே புத்தகம் வைக்கத் திறந்த தட்டு. டென்மார்க்கில் அதே காலத்தில் செய்த தேக்கு மேசைகளை இன்று உலகம் முழுக்கத் தேடித் தேடி வாங்குகிறார்கள். அவர்களுக்குத் தேக்கு போனதும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்துதான். நம் ஊர் ஆசாரி கையில் அதே காலத்தில் உருவான சாமானுக்கு அந்தப் பெயரும் இல்லை, அந்த விலையும் இல்லை. எனக்கு இரண்டாவது வகைதான் பிடிக்கும். இன்றைய சின்னப் படுக்கையறைக்கு அதுதான் ஒத்துவரும், கால் உயர்ந்து இருப்பதால் அடியில் பெருக்கித் துடைக்கவும் முடியும்.

சரி, எப்படிப் பார்ப்பது? மேல் பலகையைப் பார்க்காதீர்கள், அதைத்தான் எல்லோரும் பாலிஷ் போட்டு ஏமாற்றுவார்கள். டிராயரை முழுதாக வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். நான் வாங்கியதில் டிராயரின் அடிப்பக்கம் பாலிஷே காணாமல் சாம்பல் பூத்த பழுப்பு நிறத்தில் இருந்தது, இரண்டு பக்க விளிம்புகளும் ஓடி ஓடித் தேய்ந்து நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது, அந்தத் தேய்மானத்துக்குச் சரியாகப் பொருந்தும் இன்னொரு தேய்மானம் மேசைக்குள் டிராயர் ஓடும் சட்டத்திலும் இருந்தது. சட்டத்தில் விரலை வைத்தால் மெழுகுவர்த்தி தேய்த்த வழவழப்பு இன்னும் தெரிந்தது. முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் புறா வால் போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தன. அவை ஒரே அளவில் இல்லை, ஒன்று தடியாகவும் ஒன்று மெல்லிசாகவும் இருந்தது, வெட்டும் முன் ஆசாரி கீறிய அளவுக்கோடு அப்படியே நின்றது. கையால் அறுத்த வேலைக்கு அதுதான் அடையாளம். எல்லாப் பல்லும் அச்செடுத்த மாதிரி ஒரே அளவில் இருந்தால் மெஷின் வேலை. உள்ளே ஆணிகள் பளிச்சென்று புதிதாக இருந்தாலோ, திருகாணித் தலையில் ஒற்றைக் கீறலுக்குப் பதில் கூட்டல் குறி இருந்தாலோ, யாரோ பின்னாளில் கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பழுது பார்த்தது தப்பில்லை, ஆனால் அதற்குத் தகுந்த விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

கைப்பிடியையும் பாருங்கள். பித்தளைக் குமிழைச் சுற்றி மரத்தில் கறுத்த வளையம் இருந்தால் அது வெகு காலமாக அங்கேயே இருக்கிறது. வளையம் ஒரு அளவிலும் குமிழ் வேறு அளவிலும் இருந்தாலோ, டிராயருக்குள்ளே அடைத்த பழைய ஓட்டைகள் தெரிந்தாலோ, கைப்பிடி மாற்றியது.

அப்புறம் மேசையின் பின்பக்கம். செட்டிநாட்டு வீடுகளில் பாத்திரங்களில் குடும்பத்தின் விலாசத்தை, அதாவது முன்னெழுத்துகளை, வெட்டி வைப்பார்கள். என் ஜோடியின் பின்பலகை இரண்டிலும் அப்படி வெள்ளைப் பெயின்ட்டில் முன்னெழுத்துகளும் அடுத்தடுத்த எண்களும் இருந்தன. ஒரே வீட்டில் ஒன்றாகவே இருந்த ஜோடி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சண்டிகரில் கட்டடக் கலைஞர் பியர் ஜான்ரே வடிவமைத்த அலுவலக நாற்காலிகளிலும் இப்படி எழுதிய அலுவலக எண்களைத்தான் வாங்குகிறவர்கள் முதலில் தேடுகிறார்கள். அந்த எழுத்தைச் சுரண்டித் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டார், தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மரம் தேக்குதானா என்பதற்குக் கடைக்காரர் வாயை நம்ப வேண்டியதில்லை. ஒரு துண்டு உப்புத்தாள் கொண்டுபோங்கள், அனுமதி கேட்டு அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் லேசாகத் தேயுங்கள். எவ்வளவு பழைய தேக்காக இருந்தாலும் உள்ளிருந்து எண்ணெய்ப் பசையோடு, பதனிட்ட தோல் போன்ற ஒரு வாசம் வரும், வைரம் பாய்ந்த பகுதி பொன் பழுப்பாகத் தெரியும். வெளிர் நிற ஓரங்கள் இருந்தால் கவனம், அது வெளிறு, உளு என்கிற மரத்தைத் துளைக்கும் பூச்சி பிடிப்பது அங்கேதான். மேசையைத் தூக்கித் தரையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டுங்கள். குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருந்தும் தூள் எதுவும் கொட்டவில்லை என்றால் பெரும்பாலும் பழைய கதை. மாவு மாதிரி புதுத் தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது, விட்டுவிட்டு வந்துவிடுங்கள், அது உங்கள் வீட்டுக் கட்டிலுக்கும் பரவும். பின்பலகையும் டிராயர் அடியும் பிளைவுட்டாக இருந்தால் பயப்பட வேண்டாம், அந்தக் காலத்திலேயே அப்படித்தான் செய்தார்கள்.

எனக்கு நிஜமாகவே வருத்தம் தருவது பாலிஷ் விஷயம். அதே தெருவில் ஒரு கடையில் அழகான ஆர்ட் டெக்கோ மேசை ஒன்றைக் காட்டினார்கள். மெஷின் வைத்துத் தேய்த்து, மூலை வளைவெல்லாம் மழுங்கி, மேலே கருஞ்சிவப்புச் சாயம் ஏற்றி மெலமைன் என்கிற இந்தக் காலத்துப் பளபளப்புப் பூச்சை அடித்திருந்தார்கள். தேக்கைத் தேக்காக விடாமல் ரோஸ்வுட் மாதிரி காட்ட ஏன் இந்தப் பாடு? டார்ச் அடித்துப் பார்த்தால் மேல் பலகையின் குறுக்கே போன விரிசலைப் புட்டி வைத்து அடைத்து அதன் மேல் ரேகை வரைந்திருந்தார்கள். அதற்குக் கேட்ட விலை, கொட்டகையில் கிடந்த தொடாத மேசையின் விலையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எழுபது வருடமாக மரத்தில் ஏறிய நிறத்தை ஒரு மதியத்தில் உரித்து எடுத்துவிட்டு அதற்கு மேல் பணமும் கேட்கிறார்கள். வாங்குகிறவர்கள் புதுசு போலப் பளபளப்பாகக் கேட்பதால்தான் இப்படிச் செய்கிறோம் என்கிறார்கள், அதில் உண்மையும் இருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், பாலிஷ் போடாமல் கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பழைய பூச்சு பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் போடும் பிரெஞ்ச் பாலிஷாக இருக்கும். ஒரு மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்தால் பிசுபிசுக்கும், மெலமைன் அப்படி ஆகாது. சூடான டம்ளர் வைத்த வெள்ளை வளையம் மேலே இருந்தால் அது பூச்சில் மட்டும்தான் இருக்கும், மரத்துக்குள் போயிருக்காது. கைத்தேர்ந்த பாலிஷ்காரர் பழைய அரக்கைக் கரைத்தே அதைச் சரிசெய்துவிடுவார், தேய்த்து உரிக்க வேண்டியதே இல்லை. என் மேசைகளுக்கு மதுரையில் ஒரு பெரியவர் அப்படித்தான் செய்து கொடுத்தார், நிறம் கொஞ்சமும் மாறவில்லை.

விலை: என் ஜோடிக்குக் கடைக்காரர் 24,000 ரூபாய் சொன்னார். ஒன்று மட்டும் போதும் என்று ஆரம்பித்தேன், "ஜோடியைப் பிரிச்சா இன்னொண்ணு போகாதுண்ணே, ரெண்டையும் எடுத்துக்கங்க, பார்த்துப் போட்டுத் தர்றேன்" என்று அவரே இறங்கி வந்தார். 17,500-க்கு முடிந்தது. இன்று புதுத் தேக்கில் ஒரு ஆசாரியிடம் இதே வேலையைச் சொன்னால் இந்த விலைக்குச் செய்ய மாட்டார், அந்த வயது மரமும் கிடைக்காது. பர்மா 2014-இல் மரத்தடி ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. சென்னையில் இதே மாதிரி மேசையை நன்றாக அலங்கரித்த ஷோரூமில் பார்த்திருக்கிறேன், ஒன்றின் விலையே என் ஜோடியின் விலையைத் தாண்டியது. ஆன்லைனில் "டீக் ஃபினிஷ்" என்று போட்டிருப்பதை நம்பவே வேண்டாம், அது சாயத்தின் நிறம் மட்டும்தான், மரம் மாமரமாகவோ ஷீஷமாகவோ இருக்கும்.

போவதற்கு முன் வீட்டில் மெத்தையின் மேல்மட்டம் வரை அளந்துகொள்ளுங்கள். இது முக்கியம். பழைய கட்டில்கள் உயரமானவை என்பதால் அவற்றுக்குச் செய்த மேசைகளும் உயரம், நான் பார்த்தவற்றில் பல 26, 28 அங்குலம் இருந்தன. இப்போது வரும் தாழ்ந்த கட்டிலில் மெத்தை போட்டாலே 20 அங்குலத்தைத் தாண்டாதது நிறைய உண்டு, படுத்துக்கொண்டு தண்ணீர் டம்ளரை எடுக்கக் கையை மேலே தூக்க வேண்டியிருக்கும். இரண்டு மூன்று அங்குலம் கூட இருந்தால் பரவாயில்லை, அதற்கு மேல் என்றால் வேறு மேசை பாருங்கள். காலை அறுத்துத் தரட்டுமா என்று சாதாரணமாகக் கேட்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். கால் கீழே போகப் போக ஒல்லியாவதுதான் அந்த வடிவத்தின் அழகு, நுனியை அறுத்தால் கட்டையாகிவிடும். போன் சார்ஜர் வயருக்காகப் பின்பலகையில் ஓட்டை போடுவதும் வேண்டாம், வயரைப் பின்னால் தொங்கவிட்டாலே போதும்.

மதுரையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், காரில் போனால் மேசையைக் கையோடு கொண்டுவந்துவிடலாம். சென்னைக்காரர்களுக்குப் பல்லவன் ரயில் இருக்கிறது, ஆனால் சாமானை லாரி பார்சலில்தான் போட வேண்டும். என் அக்கா அப்படி அனுப்பச் சொன்ன மேசை ஒன்று கால் நுனி பெயர்ந்து போய்ச் சேர்ந்தது. டிராயரை உள்ளேயே வைத்துச் சாக்கை மட்டும் சுற்றி அனுப்பியிருந்தார்கள், வழியெல்லாம் அது ஆடி இடித்திருக்கிறது. பார்சல் ஆபீஸில் கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. டிராயரைத் தனியாக எடுத்துக் கட்டச் சொல்லுங்கள், ஒவ்வொரு காலுக்கும் அட்டையும் துணியும் சுற்றச் சொல்லுங்கள், கட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். அதற்குத் தனியாக 500 ரூபாய் கேட்டாலும் கொடுக்கலாம்.

கடைக்காரர்கள் பற்றி ஒரு வார்த்தை. வாங்காமல் வந்தால் முகம் சுளிப்பவர்களும் உண்டு, ஆனால் நான் வாங்கிய இடத்தில் டிராயரை இழுத்துக் கவிழ்க்கும்போது அவரே டார்ச் பிடித்தார், எந்தத் திருகாணி மாற்றியது என்று கேட்காமலே காட்டினார். உங்களை டிராயரைத் தொட விடாத கடையில் நிற்க வேண்டாம், பக்கத்துக் கடைக்குப் போய்விடுங்கள், அந்தத் தெருவில் கடைக்குப் பஞ்சமில்லை.