டிரைவ் சிப்பில் துளை போட்டுவிட்டு மதர்போர்டு கம்ப்ளெயின்ட் என்றார்கள்

பழைய எக்ஸ்பாக்ஸ் 360 வைத்திருப்பவர்கள், செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கலாம் என்று தேடிக்கொண்டிருப்பவர்கள், டிஸ்க் போடும் எந்த கேம் மெஷினையும் ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்கள் மெஷினுக்கு என்ன செய்தார்கள் என்று எனக்கே பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

2011-ல் தம்பிக்கு எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்லிம் வாங்கிக் கொடுத்தேன். வேலைக்குச் சேர்ந்து நான் வாங்கிய முதல் பெரிய பொருள் அதுதான். மறுவருடமே டிஸ்க் போட்டால் சில நேரம் எடுக்கும், சில நேரம் எடுக்காது என்று ஆனது. சென்னை ரிச்சி தெருவில் மாடியில் இருந்த ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். லென்ஸ் சுத்தம் செய்ய 400 ரூபாய் என்றார் கடைக்காரர். அப்புறம் அவரே, "1,800 கொடுங்க பாஸ், டிரைவை ஃப்ளாஷ் பண்ணித் தர்றேன். நூறு ரூபாய் டிஸ்க்ல எல்லா கேமும் ஓடும். வெறும் சாஃப்ட்வேர் மாத்துற வேலைதான்" என்றார். ஒரிஜினல் டிஸ்க் ஒன்று இரண்டாயிரத்துக்கு மேல் விற்ற காலம். சரி என்றேன். காப்பி டிஸ்க்குக்கு ஆசைப்பட்டது என் தப்பு, அதை மறைக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன வேலை வேறு, செய்த வேலை வேறு.

சாயங்காலம் போன் வந்தது. "உங்க டிரைவ் முன்னாடியே பாதி போயிருந்தது, இப்ப முழுசா போயிடுச்சு." போய்ப் பார்த்தால் எஜெக்ட் பட்டனை அழுத்தினாலும் டிரே அசையவே இல்லை. காலையில் நான் கொடுத்தபோது டிரே ஒழுங்காகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. வேறு டிரைவ் போட 2,500 கேட்டார்கள், கொடுத்தேன். புது டிரைவில் டிரே திறந்தது, டிஸ்க் சுற்றியது. ஆனால் ஒரிஜினல் கேம் டிஸ்க்கைப் போட்டால் மெஷின் அதை சினிமா டிவிடி என்று எடுத்துக்கொண்டது. பிளே கொடுத்ததும், இந்த டிஸ்க்கை எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலில் போடவும் என்று திரையில் வந்தது. எக்ஸ்பாக்ஸ் 360-லேயே அப்படி வருகிறது! "மதர்போர்டு கம்ப்ளெயின்ட், எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லி டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம், கழற்றிய பழைய டிரைவைக் கேட்டு வாங்கியது. எதை ரிப்பேருக்குக் கொடுத்தாலும் கழற்றிய சாமானைக் கையோடு வாங்கி வந்துவிட வேண்டும் என்பார் அப்பா. அந்தப் பழக்கத்தில் கேட்டேன். பாலித்தீன் கவரில் சுருட்டி, வேண்டாவெறுப்பாகத் தந்தார்கள்.

2024 ஜூலை 29-ம் தேதி எக்ஸ்பாக்ஸ் 360-க்கான ஆன்லைன் கடையை மைக்ரோசாஃப்ட் மூடியது. இனி 360-க்குப் புதிதாக கேம் வேண்டுமென்றால் பெரும்பாலும் டிஸ்க்தான். ஊருக்கு வந்திருந்த தம்பி பரணிலிருந்து மெஷினை இறக்கினான். பழைய கன்சோல்களை மட்டும் ஆர்வத்துக்காகச் சரிசெய்து கொடுக்கும் ஒருவரைத் தெரிந்தவர் மூலம் பிடித்தோம். நடந்ததைச் சொன்னதும் அவர், மெஷினை விட்டுவிட்டு அந்தப் பாலித்தீன் கவரைத்தான் முதலில் கேட்டார்.

டிரைவின் அடித்தகட்டைத் திறந்து உள்ளே இருந்த போர்டை வெளியே எடுத்தார். நடுவில் கறுப்பாக ஒரு சதுர சிப். மொபைல் கேமராவைப் பெரிதாக்கிக் காட்டினார். எழுத்துகளுக்குப் பக்கத்தில் கடுகு அளவு பள்ளம். பள்ளத்தின் விளிம்பு பிசிறு பிசிறாக இருந்தது. அடியில் ஊசிமுனை அளவுக்குச் செம்பு நிறத்தில் ஏதோ மின்னியது. சிப்பின் கால்களுக்கு நடுவே பழைய ஃபிளக்ஸ் பசையில் கறுப்புத் தூள் ஒட்டியிருந்தது. "டிரில் போட்டிருக்காங்க அண்ணா. இதுக்கு காமிகாஸி ஹேக்னு பேரு" என்றார். அதுவரை அந்தப் பெயரையே நான் கேட்டதில்லை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். 360-ன் டிஸ்க் ஒரிஜினலா என்று சோதிக்கும் வேலை டிரைவின் சொந்த ஃபர்ம்வேருடையது, அதாவது டிரைவுக்குள்ளேயே பதிந்திருக்கும் சாஃப்ட்வேருடையது. அதை மாற்றி எழுதிவிட்டால், வீட்டில் எரித்த டபுள் லேயர் டிவிடியையும் ஒரிஜினல் என்று மெஷினிடம் சொல்லும். ஃப்ளாஷ் பண்ணுவது என்றால் இதுதான். முதலில் வந்த 360-களில் அது பெரும்பாலும் கம்ப்யூட்டரில் செய்கிற வேலை. 2010-ல் ஸ்லிம் வந்த பிறகு, அதில் இருந்த லைட்-ஆன் கம்பெனி டிரைவ்களின் ஃபர்ம்வேரை எழுத முடியாதபடி பூட்டிவிட்டார்கள். அந்தப் பூட்டு சிப்பின் உள்ளேயே, முடியைவிட மெல்லிய ஒரு கம்பியில் இருக்கிறது. அந்தக் கம்பியை அறுக்கத்தான் சிப்பின் தலையில் சரியாக ஒரு புள்ளியைக் குறித்துத் துளை போடுகிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழம். கை கொஞ்சம் நகர்ந்தாலோ ஆழம் கொஞ்சம் கூடினாலோ பக்கத்துக் கம்பிகளும் போகும், உள்ளே இருக்கும் சிலிக்கானும் உடையும். டிரேயைத் திறப்பதுகூட அந்த சிப்தான் என்பதால் டிரைவ் மொத்தமும் செத்துவிடும். எங்களுக்கு நடந்தது அதுதான்.

டிரைவ் செத்தால் வேறு டிரைவ் போட்டால் போயிற்று என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் 2,500 கொடுத்தேன். 360-ல் அது நடக்காது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனியாக ஒரு டிரைவ் கீ உண்டு. வெறும் 16 பைட். அதே கீ மதர்போர்டிலும் இருக்கும், டிரைவிலும் இருக்கும், இரண்டும் ஒத்துப் போனால்தான் கேம் டிஸ்க் ஓடும். ஒத்துப் போகாவிட்டால் மெஷின் கேம் டிஸ்க்கை வெறும் டிவிடியாகத்தான் பார்க்கும். அன்று திரையில் வந்த வாசகத்துக்கு இதுதான் காரணம். மதர்போர்டில் ஒரு கோளாறும் இல்லை, அது இன்றுவரை நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் கீ அந்தத் துளை போட்ட சிப்போடு போய்விட்டது. "டிரைவ் உயிரோடு இருந்தப்பவே கீயைக் காப்பி எடுத்து உங்ககிட்ட ஒரு ஃபைலா கொடுத்திருக்கணும். கொடுத்தாங்களா?" என்று கேட்டார். கீ என்று ஒன்று இருப்பதையே அந்தக் கடையில் யாரும் சொல்லவில்லை. தெரிந்தே சொல்லாமல் இருந்தார்களா, அவர்களுக்கே தெரியாதா என்று எனக்குப் புரியவில்லை. எதுவாக இருந்தாலும் அடுத்தவர் பொருளில் டிரில் வைக்கிறவர் முதலில் அதைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு இன்னும் ஆறவில்லை.

மீட்க வழியே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறதாம். மதர்போர்டில் நுண்ணிய சால்டரிங் செய்து, மெஷினை கிளிட்ச் முறையில் (நுண்ணிய மின்துடிப்பால் தடுமாற வைத்து) ஏமாற்றி, அதன் சிபியு கீயை, அதாவது பிராசஸருக்கே உரிய ரகசிய எண்ணை எடுத்து, அதைக் கொண்டு டிரைவ் கீயைப் படித்து, மாற்று டிரைவில் எழுத வேண்டும். "நல்லா இருக்கிற போர்டுல கை வைக்கணும். போனா மொத்தமா போயிடும். யோசிச்சு சொல்லுங்க" என்றார். ரிஸ்க்கை முன்கூட்டியே வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவர்தான். நாங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை.

பழைய பிளேஸ்டேஷன் காலத்தில் 'சிப் போடுவது' என்றால் போர்டில் சின்ன சிப் ஒன்றைச் சில ஒயர்களால் சால்டர் செய்வார்கள். ஒழுங்காகச் செய்திருந்தால் பிடிக்காதபோது கழற்றிவிடலாம், டிரைவை யாரும் தொடவில்லை. அந்த நினைப்பில்தான் நம் ஆட்கள் இன்றும் "சிப் போட்டுத் தர்றேன்" என்றால் தலையாட்டிவிடுகிறார்கள். துளை போட்ட சிப்பைக் கழற்றி என்ன செய்வது? "பேன் ஆகாது, நாங்க கேரண்டி" என்பதையும் நம்பாதீர்கள். 2009 நவம்பரிலேயே மாற்றப்பட்ட 360-களைக் கூட்டம் கூட்டமாக ஆன்லைனிலிருந்து மைக்ரோசாஃப்ட் தடை செய்தது. சட்டமும் அப்போது போல் இல்லை. 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவு வந்துவிட்டது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை, அபராதம்.

360-தானே, பழைய கதை என்று விட்டுவிட வேண்டாம். பிளேஸ்டேஷன் 4-ல் (பிஎஸ்4) டிரைவ் போர்டு அந்தந்த மதர்போர்டோடு ஜோடி. 2023 கடைசியில் வந்த மெல்லிய பிஎஸ்5 மாடலில் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம், ஆனால் மாட்டியதும் இன்டர்நெட் வழியாக ஜோடி சேர்த்தால்தான் வேலை செய்யும். அதனால் டிஸ்க் எடுக்கவில்லை என்று கொடுக்கும்போது, லேசரையோ மற்ற மெக்கானிக்கல் பாகத்தையோ மட்டும் மாற்றச் சொல்லுங்கள், டிரைவின் போர்டு உங்களுடையதாகவே இருக்கட்டும். கொடுக்கும் முன் போர்டையும் அதன் நம்பரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "முழு டிரைவையும் மாத்திடலாம், சீப்பா முடியும்" என்று யாராவது சொன்னால் பொருளை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். செகண்ட் ஹேண்டில் 360 வாங்குகிறவர்கள் மெஷின் ஆன் ஆவதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் கேம் டிஸ்க் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டு, கேம் உள்ளே போகும்வரை நின்று பாருங்கள்.

2010, 2011, 2012 வாக்கில் உங்கள் 360-ஐ யாரிடமாவது ஃப்ளாஷ் செய்திருந்தால், அப்போது அவர்கள் சிடியிலோ பென்டிரைவிலோ ஏதாவது கொடுத்தார்களா என்று இன்றைக்கே அலமாரியில் தேடுங்கள். அதில் 'கீ' என்ற பெயரில் 16 பைட் அளவில் ஒரு ஃபைல் இருந்தால், அதை இரண்டு மூன்று இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள்.