உயரமான வேனுக்கென்று விற்கப்படும் ஜிபிஎஸ் கருவி: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கூரை உயர்ந்த வேனோ, படுக்கை வசதியுள்ள கேரவனோ வைத்திருப்பவர்களுக்கும், அப்படியொன்றைக் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வண்டியின் உயரத்தைப் பதிந்துவிட்டால் தாழ்வான பாலங்களைத் தானே தவிர்த்துவிடும் என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு ஜிபிஎஸ் கருவியை நம்பினோம். விளைவாக, எழுபத்து நான்கு வயதான எங்கள் அம்மா உள்ளே படுத்திருக்க, ரயில்வே சுரங்கப்பாதையின் உயரத்தடுப்பில் வேனின் கூரையைக் கொண்டுபோய் இடித்தோம். யாருக்கும் காயமில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். கருவிக்கு 18,500 ரூபாய், 'செயற்கைக்கோள் சந்தா' என்ற பெயரில் 2,400 ரூபாய், உடைந்த கூரை ஏசியைச் சரிசெய்ய 11,000 ரூபாய் எனச் செலவாயிற்று. பணத்தைவிட, அந்தச் சத்தத்தில் அம்மா பதறி எழுந்ததுதான் இன்றும் மனத்தை உறுத்துகிறது.

நாங்கள் ராமநாதபுரத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி முற்றி, பேருந்திலும் காரிலும் நெடுநேரம் உட்கார முடியாமல் போனதால், என் தம்பி பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், சிறு அடுப்பு, கழிப்பறை எல்லாம் அமைத்தான். கூரையில் ஏசியும் தண்ணீர்த் தொட்டியும் ஏறியபின் வண்டியின் உயரம் 3.15 மீட்டர், அதாவது பத்தடி நான்கு அங்குலம். சமதளத்தில் நிறுத்தி, டேப் வைத்து நாங்களே அளந்த அளவு இது. தயாரிப்பாளரின் கையேட்டில் இருப்பது எதுவும் ஏறாத வண்டியின் உயரம் என்பதை வேன் கட்டுபவர்கள் மறந்துவிடக் கூடாது.

தனுஷ்கோடி, வாலிநோக்கம் போன்ற இடங்களில் அலைபேசி இணைப்பு விட்டுவிட்டுத்தான் வரும் என்பதாலும், உயரம் பற்றிய கவலையாலும், தனிக் கருவி ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்தோம். மதுரையில் வாகன உதிரிபாகங்கள் விற்கும் ஒரு கடையில் ஏழு அங்குலத் திரையுள்ள கருவியைக் காட்டினார்கள். லாரி, கேரவன் என்று வண்டியின் வகையைத் தேர்ந்தெடுக்க அதில் இடம் இருந்தது. உயரம், அகலம், நீளம், எடை ஆகியவற்றைப் பதியக் கட்டங்கள் இருந்தன. இணையமே தேவையில்லை, வரைபடம் ஆயுள் முழுவதும் இலவசமாகப் புதுப்பிக்கப்படும், அரசு அங்கீகாரம் உண்டு என்றெல்லாம் கடைக்காரர் சொன்னார். "சார், உங்க வண்டி உயரத்தப் போட்டுட்டீங்கன்னா அதுக்கப்புறம் நீங்க யோசிக்கவே வேண்டாம், கண்ண மூடிட்டுப் போகலாம்" என்பது அவர் சொன்ன சொல். திரையில் அந்தக் கட்டங்களைப் பார்த்ததும் நாங்கள் நம்பிவிட்டோம். ஏமாற்றின் மையம் அங்கேதான் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

தை மாதம் முதல் பயணம் கிளம்பினோம். ஆர்.எஸ். மங்கலத்தில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டு, உப்பூர் பிள்ளையார் கோயிலுக்கும் அங்கிருந்து தேவிபட்டினம் நவபாஷாணத்துக்கும் போவதாக ஏற்பாடு. தார்ச்சாலை நன்றாக இருக்கும்போதே, தூரம் குறைவென்று கருவி எங்களை ஒரு கண்மாய்க் கரையின்மேல் திருப்பிவிட்டது. இந்தப் பகுதியை அறிந்தவர்களுக்குக் கண்மாய்க் கரை என்றால் என்னவென்று தெரியும்: மண்ணால் ஆன மேடு, ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் வயல், இடையிடையே மடை. ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்று சொல்வது வழக்கம். மடையின்மேல் போட்ட பழைய கல்பலகை நான்கு டன் வேனைத் தாங்குமா என்பதை எந்தத் திரையும் சொல்லாது. எதிரே ஆடுகளை ஓட்டி வந்த ஒருவர் கையை நீட்டி நிறுத்தி, "அண்ணே, இந்தக் கரையில டிராக்டரே பையப் பையத்தான் போகும், இம்புட்டு ஒசர வண்டிய வச்சுக்கிட்டு எங்க போறீக?" என்றார். திருப்ப இடமில்லாததால் அரைக் கிலோமீட்டர் பின்னோக்கியே ஓட்டி வந்தோம். இருபுறமும் சீமைக் கருவேல முள் கண்ணாடியைக் கீறிய தடம் இன்னும் இருக்கிறது. அன்றே கருவியை அணைத்திருக்க வேண்டும். புதிய பொருள், ஏதோ ஒரு தவறு என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் ஏர்வாடியிலிருந்து அரியமான் கடற்கரைக்குப் புறப்பட்டோம். கீழக்கரை, திருப்புல்லாணி, ராமநாதபுரம் வழியே தேசிய நெடுஞ்சாலை 87-ஐப் பிடித்து உச்சிப்புளி போவதுதான் பெரிய வண்டிக்கு உரிய வழி. கருவியோ கீழக்கரையிலிருந்து பெரியபட்டினம் வழியாக உட்சாலைகளில் அழைத்துப் போய், ரயில் பாதையைக் கடக்கும் இடத்தில் ஒரு சுரங்கப்பாதையின் முன் கொண்டுபோய் விட்டது. ஆளில்லாத ரயில்வே கேட்டுகளை மூடிவிட்டு அமைத்த இத்தகைய உயரம் குறைந்த சுரங்கப்பாதைகள் நம் பக்கத்தில் பல உண்டு, நுழைவாயிலில் இரும்புத் தடுப்பும் நிற்கும். தடுப்பிலிருந்த பலகையில் 3 மீட்டர் என்று எழுதியிருந்தது. மாலை வெயில் கண்ணில் அடித்ததால் தம்பி பலகையைப் படிப்பதற்குள் கூரை முட்டிவிட்டது. மெதுவாகப் போனதால் ஏசியோடு போயிற்று.

வீட்டுக்கு வந்தபின் தம்பி செய்த சோதனையை ஒவ்வொருவரும் கடையிலேயே செய்துபார்க்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அதே புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் கொடுத்து, வண்டியின் உயரத்தை 6 மீட்டர் என்று மாற்றினான். அதே சுரங்கப்பாதை வழியைத்தான் காட்டியது. 20 மீட்டர் என்று மாற்றியபோதும் ஒரு வளைவுகூட மாறவில்லை. நாம் பதியும் எண்ணுக்கும் அது தேர்ந்தெடுக்கும் பாதைக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை.

கருவி நல்லதாகவே இருந்தாலும் இங்கே ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கேரவன்களுக்கென்றே செய்யப்படும் கருவிகள் உயரத்தைக் கேட்டுப் பாதையை மாற்றுவது உண்மைதான். ஆனால் அங்கே பாலங்களின் உயரமும் சாலைகளின் எடை வரம்பும் வரைபடத்தோடு சேர்த்துப் பதியப்பட்டிருக்கின்றன. கருவி நம் வண்டியின் உயரத்தை அந்த எண்ணோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கிறது. ஒரு சுரங்கப்பாதையின் உயரம் வரைபடத்தில் எழுதப்படவே இல்லையென்றால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் அதை அறிய முடியாது. ஆகவே 'உயரம் பதியலாமா' என்று கடையில் கேட்பதால் பயனில்லை. 'நம் ஊர்ப் பாலங்களின் உயரம் இந்த வரைபடத்தில் இருக்கிறதா, காட்டுங்கள்' என்றுதான் கேட்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த ஒரு தாழ்வான பாலத்தைக் குறிப்பிட்டு, அதை அது தவிர்க்கிறதா என்று கண்ணால் பார்த்தபிறகே பணம் கொடுங்கள்.

வரைபடத்தின் வயதும் பொய்யாகவே இருந்தது. பெட்டியின்மேல் 2024 வரைபடம் என்று அச்சிட்டிருந்தார்கள். தனுஷ்கோடி போகும்போது முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிட்டதாகக் கருவி காட்டியது. அதற்கப்பால் அரிச்சல்முனை வரை எங்கள் வண்டிக் குறி வெற்றுத் திரையில் நகர்ந்துகொண்டிருந்தது. 1964 டிசம்பர் புயலில் அழிந்துபோன அந்த நிலப்பகுதிக்கு அரிச்சல்முனை வரை புதிய சாலை திறக்கப்பட்டது 2017-ஆம் ஆண்டில். எனவே அந்த வரைபடம் அதற்கும் முந்தையது. 'ஆயுள் முழுவதும் இலவசப் புதுப்பித்தல்' என்று சொல்லித் தந்த இணைய முகவரி திறக்கவே இல்லை. நம் கடற்கரைப் பகுதியில் வாங்குபவர்களுக்கு இது எளிய உரைகல்: அரிச்சல்முனைக்கு வழி கேளுங்கள், வரைபடத்தின் வயது தெரிந்துவிடும்.

சந்தாவின் கதை இன்னும் வருத்தம் தருவது. செயற்கைக்கோளோடு இணைந்திருப்பதற்கு ஆண்டுக்கு 2,400 ரூபாய் என்று வாங்கினார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தங்கள் நேரத்தையும் இருப்பிடத்தையும் அலைகளாக அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கிலிருந்து அலை கிடைத்தால் கருவி தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. இதற்கு எவருக்கும் கட்டணம் கிடையாது. நம் நாட்டின் நாவிக் செயற்கைக்கோள்களின் பொதுச் சேவைக்கும் கிடையாது. மண்டபத்தில் விசைப்படகு வைத்திருக்கும் என் மச்சான் இதைக் கேட்டுவிட்டு, "எங்க போட்டுல பத்து வருசமா ஜிபிஎஸ் ஓடுது மாப்ள, இதுக்குன்னு ஒருத்தருக்கும் ஒரு ரூவா கட்டுனது இல்லையே" என்றார். கடலில் எல்லைக்கோட்டை அறிய உயிரையே அந்தக் கருவியிடம் ஒப்படைப்பவர்கள் அவர்கள்.

பின்னர் விசாரித்ததில், வாடகை வாகனங்களிலும் பேருந்துகளிலும் பொருத்தும் ஏ.ஐ.எஸ். 140 என்ற அரசுத் தரத்தில் அமைந்த இருப்பிடக் கண்காணிப்புக் கருவிக்கு உள்ளே சிம் இருப்பதால் ஆண்டுக் கட்டணம் உண்டு என்பது தெரிந்தது. வண்டி எங்கே இருக்கிறது என்று வேறிடத்துக்குத் தெரிவிப்பது அதன் வேலை, ஓட்டுநருக்கு வழிகாட்டுவது அன்று. 'அரசு அங்கீகாரம்', 'சந்தா' என்ற இரண்டு சொற்களையும் அந்தக் கருவியிலிருந்து எடுத்து இதன்மேல் ஒட்டி விற்றிருக்கிறார்கள். எங்கள் கருவியில் சிம்மே இல்லை.

கடைக்குத் திரும்பப் போனபோது, குறுகிய சாலையில் ஏன் ஓட்டினீர்கள் என்று எங்களையே கேட்டார்கள். பெட்டியைத் திறந்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்றார்கள். அப்போதுதான், எங்களிடம் இருந்தது ஜிஎஸ்டி எண்கூட இல்லாத கைச்சீட்டு என்பதைக் கவனித்தோம். 20 மீட்டர் உயரத்துக்கும் அதே வழியைக் காட்டுவதை அவர்கள் கண்முன்னே செய்துகாட்டினோம். கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார்.

இப்போது தம்பியின் அலைபேசியில் ஓஎஸ்எம்ஆண்ட் என்ற செயலியைப் பயன்படுத்துகிறோம். தமிழ்நாட்டு வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமல் வழி காட்டுகிறது, வண்டியின் உயரத்தையும் எடையையும் பதியவும் முடிகிறது. அதிலும் உயரம் பதியப்படாத பாலங்கள் நம் பகுதியில் நிறைய இருப்பதால், அதை மட்டும் நம்பிப் போவதில்லை. முந்தைய நாளே முழு வழியையும் பெரிதாக்கிப் பார்க்கிறோம். ரயில் பாதையைக் கடக்கும் ஒவ்வோர் இடத்தையும் தாளில் குறித்துக்கொண்டு, அந்த ஊர்த் தேநீர்க் கடையிலோ லாரி ஓட்டுநரிடமோ கேட்டுவிட்டே திரும்புகிறோம். அந்த வரைபடம் பொதுமக்கள் சேர்ந்து திருத்தக்கூடியது என்பதால், நாங்கள் இடித்த சுரங்கப்பாதையின் 3 மீட்டர் அளவைத் தம்பி அதில் பதிந்துவிட்டான். 3.15 மீட்டர் என்று கொடுத்தால் இப்போது செயலி நெடுஞ்சாலை வழியே அனுப்புகிறது.

கைச்சீட்டு மட்டுமே இருப்பவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். நாங்கள் பணத்தை அலைபேசி வழியே செலுத்தியிருந்ததால் வங்கிப் பதிவு இருந்தது. பெட்டியின்மேல் இருந்த விளம்பர வாசகத்தையும், 20 மீட்டர் சோதனையையும் படமெடுத்து வைத்தோம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறோம். அதில் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை மதுரையில் இருந்தாலும் நாங்கள் வசிக்கும் ராமநாதபுரத்திலேயே மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் கிடையாது, கால வரம்பு இரண்டு ஆண்டுகள். கடையிலிருந்து இன்றுவரை பதில் இல்லை. மனுவைத் தம்பி எழுதிக்கொண்டிருக்கிறான்.