கர்வுலேரியா லுனாட்டா ஆம்ப்யூல்: பூஞ்சைக்கு முழு மதிப்பெண், கூட வந்த தாளுக்குப் பூஜ்யம்

மக்காச்சோள இலையில் புள்ளி புள்ளியாக நோய் உண்டாக்கும் பூஞ்சையை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? ஸ்டீராய்டு வேதியியல் செய்கிறவர்கள் வாங்குவோம். கார்டெக்சோலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தால் இந்தப் பூஞ்சை அதன் 11ஆம் கார்பனில், அதுவும் பீட்டா பக்கமாக (மூலக்கூறின் மேல் முகத்தில்), ஒரு ஹைட்ராக்சிலை (OH) ஏற்றி, அழற்சிக்கான மருந்தான ஹைட்ரோகார்டிசோன் ஆக்கிவிடும். அதே மூலக்கூறில் எளிதில் வினைபுரியும் கீட்டோனும் இரட்டைப் பிணைப்பும் இருக்க, அவற்றைத் தொடாமல் சும்மா கிடக்கும் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பில் போய்க் கை வைக்கிறது. 1952இல் அப்ஜான் நிறுவனத்தின் பீட்டர்சனும் மரேயும் புரோஜெஸ்டிரோனில் இதே 11ஆம் இடத்தை ஆல்ஃபா பக்கமாக (கீழ் முகத்தில்) பிடித்தார்களே, அதற்கு உதவியதும் சர்க்கரைவள்ளிக் கிழங்கை அழுக வைக்கும் ரைசோபஸ் என்ற பூஞ்சைதான்.

சரி, பொருளுக்கு வருவோம். கண்ணாடி ஆம்ப்யூலில் உறைய வைத்து உலர்த்திய கல்ச்சர், அதாவது உயிருள்ள பூஞ்சை. உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் போட்டதும் தயக்கமில்லாமல் வளர்ந்தது. சாம்பல் நிறமாகத் தொடங்கிக் கருப்பு வெல்வெட் ஆனது. மைக்ராஸ்கோப்பில் வளைந்த பழுப்பு வித்துகள், நடுவில் ஓர் அறை மட்டும் புடைத்தபடி. கலப்படம் துளியும் இல்லை. தாவர நோய்க்கிருமி என்பதால் அனுமதிக் கடிதம் கேட்டுத்தான் அனுப்பினார்கள், அதுவும் நல்லதே.

குறை, கூட வந்த தாளில். ஊடகம், வெப்பநிலை, அவ்வளவுதான். ஸ்டீராய்டை முதலில் கொஞ்சமாகக் கொடுத்து நொதியைத் தூண்டிவிட்டு மீதியைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. ஹைட்ராக்சில் 14ஆம் கார்பனில் ஏறி உண்டாகும் 14 ஆல்ஃபா துணைவிளைபொருள் பற்றியும் மூச்சில்லை, கலவையைப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. (மென்படல வண்ணப்பிரிகை) தட்டில் கூடுதல் புள்ளி தெரிந்தால் திகைத்துப் போவீர்கள்.

வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஸ்டீராய்டைப் பிரித்தெடுக்க எத்தில் அசிட்டேட் கரைப்பானை ஊற்றுவதற்கு முன் பூஞ்சை இழைகளை வடிகட்டி எடுங்கள், இல்லாவிட்டால் குழம்பாகி நாள் முழுக்கப் பிரியாது. வடித்த இழையைத் தூக்கிப் போடாதீர்கள், ஸ்டீராய்டில் கணிசமான பங்கு அதில் ஒட்டியிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஸ்டீராய்டு சேர்க்காத குடுவை ஒன்று, பூஞ்சை இல்லாத குடுவை ஒன்று கட்டாயம் வையுங்கள். அகாரில் மாற்றி மாற்றி வளர்த்தால் ஸ்டீராய்டை மாற்றும் திறன் மங்கலாம். அதனால் முதல் தலைமுறையையே கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடுங்கள். அப்புறம், பூஞ்சை வளர்ந்த ஊடகம் எதையும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்யாமல் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

ஸ்டீராய்டை எவ்வளவு சேர்ப்பது என்று விற்றவர்களுக்கு மின்னஞ்சலில் கேட்டேன். அதே தாளை இன்னொரு முறை அனுப்பி வைத்தார்கள். ஐந்துக்கு நான்கு.